அரைக்கட்டை ஏறிய சுருதி

நோரினா: ...விடுங்க அண்ணா, போதும். அது ஆட்டுக்குடல் நரம்பு, கப்பல் கயிறு இல்ல. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினா அறுந்துடும்.

எர்கோலே: ஈரக்காத்துல சுருதி நிக்கவே மாட்டேங்குது. ஆகஸ்டு மாசத்துல இந்த மாந்தோவாவுல கச்சேரி வச்சவனை உதைக்கணும்.

நோரினா: வச்சது நீங்கதான்.

எர்கோலே: நான்தான். அதுக்கென்ன இப்ப?

நோரினா: ஒண்ணுமில்ல. மத்தியானம் சாப்பாட்டையும் தொடல. பூசணிக்காய் அடைச்ச தொர்த்தெல்லி, உங்களுக்காகவே பண்ணினது...

எர்கோலே: இனிப்பா இருந்துச்சு.

நோரினா: எழுபது வருஷமா இனிப்பாத்தான் இருக்கு. ம்... பார்த்தீங்களா?

எர்கோலே: யாரை?

நோரினா: அண்ணா.

எர்கோலே: ...கடைசி வரிசை. தூணுக்குப் பக்கத்துல. தலை நரைச்சுப் போச்சு அவளுக்கு.

நோரினா: ஒத்தாவியாவுக்கு நாற்பத்தஞ்சு ஆகுது. உங்க பொண்ணு வயசை நான் சொல்லணும்!

எர்கோலே: நீதான் கூப்பிட்டியா?

நோரினா: நானேதான். அப்பா ஆரம்பிச்ச பெல்லாந்தி குழுவுக்கு இன்னிக்கு அம்பது வருஷம். பெல்லாந்தின்னு சொல்லிக்க மிச்சம் இருக்கிறது மூணு பேர். அதுல ஒருத்தி தூணுக்குப் பின்னாடி.

எர்கோலே: நான் உட்கார வைக்கலையே அங்க.

நோரினா: பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதா கோயில்ல, முந்நூறு பேர் முன்னாடி எழுந்து நின்னது யாரு? "பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போய்க் காதைக் கெடுத்துக்கிட்டு வந்திருக்கா. இனிமே இவ எங்க குழுவுல இல்ல"ன்னு சொன்னது யாரு?

எர்கோலே: முதல் சுரத்துலயே அவ வயலின் ஒரு பக்கம், கட்டைகளை அமுக்கி நீ வாசிச்ச செம்பலோ ஒரு பக்கம்! அரைக்கட்டை வித்தியாசம். ரெண்டு பூனை சண்டை போட்ட மாதிரி. ஜனம் சிரிச்சுது. நான் கை தட்டியிருக்கணுமா?

நோரினா: அவ நம்ம இசைக்கவையைத் தட்டித்தான் சுருதி சேர்த்தா. இப்பத்த சுருதிக்கு அரைக்கட்டை கீழதான் நம்ம குழுவோட பழைய காலத்துச் சுருதின்னு தொட்டில்லயே தெரிஞ்ச பொண்ணு.

எர்கோலே: அப்போ தப்பு உன் செம்பலோவுலதான்னு...

நோரினா: ஆமா.

எர்கோலே: என்ன ஆமா?

நோரினா: கட்டை வரிசை நகராம இருக்க ஓரத்துல செருகியிருக்கிற மரத்துண்டை உருவிட்டு, கட்டை வரிசையை அப்படியே வலப்பக்கம் தள்ளி வச்சிருந்தாங்க. அரைக்கட்டை ஏத்தி, இப்பத்த சுருதிக்கு. நான் பார்க்காம உட்கார்ந்துட்டேன், அது என் தப்பு. முதல் கட்டை அமுக்கினதுமே தெரிஞ்சுது. வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க. நீங்க எழுந்தா நம்ம வீட்டுல யார் பேசியிருக்கோம்?

எர்கோலே: இத்தனை வருஷம் கழிச்சு...

நோரினா: மரத்துண்டைக் காணோம்னு தச்சனைக் கூப்பிட்டுப் புதுசு போட்டேன். அப்பத்தான் கோயில் சாவி வச்சிருக்கிற அல்வீசே சொன்னான். அன்னிக்குக் காலையில நீங்க செம்பலோவுல உட்கார்ந்து வாசிச்சீங்களாம்.

எர்கோலே: அந்தக் கிழவனுக்கு வாய்...

நோரினா: யாருக்காக அண்ணா?

எர்கோலே: ...பிஷப்போட தம்பி மகன். கையில புத்தம்புது வெள்ளிப் புல்லாங்குழல், இப்பத்த சுருதியிலதான் பேசும். எர்கோலே பெல்லாந்தியோட ஒரே ஒரு பாட்டு வாசிக்கணுமாம். முடியாதுன்னா அடுத்த வருஷம் கோயில் கிடைக்குமா?

நோரினா: புதுச் சுருதியில வாசிக்கிறவன் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னவர்!

எர்கோலே: அதான்... யாருக்கும் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். அவசர அவசரமா வாசிச்சு அனுப்பினேன். திருப்பித் தள்ள மறந்துட்டேன். சத்தியமாச் சொல்றேன், ஒரு மாசம் கழிச்சுத்தான் உறைச்சுது. அதுக்குள்ள அவ த்ரியெஸ்தேவுக்கு ரயில் ஏறிட்டா.

நோரினா: வயலினையும் வித்துட்டா. பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லித் தர்றா. தெரியுமா?

எர்கோலே: தெரியும்.

நோரினா: வாசிக்கறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை சொல்லுங்க. ஊரறியச் சொன்னதை ஊரறியத் திருப்பி எடுத்துக்குங்க. வாய் வரலைன்னா, மறந்தது நான்தான்னு நானே சொல்லிடறேன்.

எர்கோலே: நீ பழி சுமக்கணும்ங்கற அளவுக்கு நான் இன்னும் போகல. ...ஆனா அப்பா பேரு, நோரினா. இந்த ஊர்ல...

ஒத்தாவியா: உள்ள வரலாமா?

நோரினா: வாடி கண்ணு, வா! வந்து இப்படி...

ஒத்தாவியா: உட்கார நேரமில்ல அத்தை, ஆறு மணிக்கு ரயில். முதல் பாட்டைக் கேட்டுட்டு அப்படியே கிளம்பிடுவேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நல்லா இருக்கீங்களாப்பா?

எர்கோலே: நிக்கிறேன். ...ஒத்தாவியா.

ஒத்தாவியா: சொல்லுங்க.

எர்கோலே: அன்னிக்கு உன் காதுல தப்பில்ல. கட்டை வரிசையைத் தள்ளினது நான்.

ஒத்தாவியா: தெரியும்பா.

எர்கோலே: நோரினா! நீயா சொன்னே?

நோரினா: அம்மா மேல ஆணை, நான் வாயே திறக்கல!

ஒத்தாவியா: அத்தை சொல்லல. அன்னிக்குக் காலையில நான் மேல பாடகர் மாடத்துல இருந்தேன்பா. அந்தப் பையனோட நீங்க வாசிச்சதைக் கேட்டேன். திருப்பித் தள்ளியிருப்பீங்கன்னு நம்பினேன்.

எர்கோலே: அத்தனை பேர் முன்னாடி நான் பேசினப்ப... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?

ஒத்தாவியா: சொன்னா நீங்க தலை குனிஞ்சிருப்பீங்க. அதை என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியாது.

எர்கோலே: நான் மறந்துதான் போனேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உன்னைப் போக விட்டிருப்பேனா?

ஒத்தாவியா: அன்னிக்கு சாயங்காலம் அத்தை அடுப்படியில இருந்தாங்க. சாப்பாட்டு மேசையில நாம ரெண்டு பேர்தான். கோட்டைக் கழட்டறப்ப பையில கையை விட்டீங்க. மரத்துண்டு வெளிய வந்துச்சு. அதைப் பார்த்தீங்க, என்னைப் பார்த்தீங்க, திரும்பப் பையிலேயே போட்டுட்டு, "சூப் ஆறுது, சாப்பிடு"ன்னீங்க. நான் கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாத்தாம்பா சாப்பிட்டேன்... நீங்க இன்னொரு வார்த்தை சொல்வீங்கன்னு.