மேஜை தேய்க்கிற சத்தம்

நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். இதோ, தேய்க்கிற மெஷின் சுவிட்சை அணைச்சாச்சு. இப்ப காதுல ஏதாவது விழுதா? இல்லல்ல? அதுக்கு எதுக்கு அண்ணி படியில இப்படித் தடதடன்னு இறங்கி வரணும்? முட்டி வலின்னு காய்கறிக்காரரையே மாடி ஏறி வரச் சொல்றவங்க நீங்க. உள்ள வாங்க. வாசல்ல நின்னு கத்தினா எதிர்க்கடை தையல்காரருக்குத்தான் கொண்டாட்டம். பாருங்க, ஊசியில நூல் கோக்கிற சாக்குல இந்தப் பக்கமே பாக்குறாரு.

வரமாட்டீங்களா? சரி, அங்கயே நின்னு திட்டுங்க, கேட்டுக்கிறேன். நாத்தனாரா பொறந்ததே அண்ணிகிட்ட திட்டு வாங்கத்தானே. ஆனா திட்டுற வேகத்துல மேஜைய மட்டும் தொட்டுடாதீங்க. பெயிண்ட் ஈரமா இருக்கு.

எந்த மேஜையா? நல்லா கேட்டீங்க போங்க. அதோ, போர்வை போத்தி வச்சிருக்கேனே, உங்க சாப்பாட்டு மேஜைதான். மாடி வீட்டை விக்கப் போறேன்னு சாமானெல்லாம் ஒழிச்சப்ப, பழைய சாமான்காரர் எடுத்துக்கட்டும்னு மாடிப்படிக்குக் கீழ தள்ளி வச்சீங்களே, அதே மைக்கா மேஜை. நான் உள்ள இழுத்துகிட்டு வந்தேன். உரிஞ்சுபோன குப்பைய வச்சுகிட்டு என்ன பண்ணப் போறேன்னு கேட்டீங்க. என் இஷ்டம்னு சொன்னேன். அதோட நமக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. அப்பா கட்டின வீட்ல மேல நீங்க, கீழ நான், நடுவுல ஒரு கான்கிரீட்டு. இத்தனை வருஷமா அப்படி ஒண்ணு நடுவுல இருக்கிறதே எனக்கு ஞாபகம் இல்ல. இப்பத்தான் தெரிஞ்சுது.

எப்படி சரி பண்ணேன்னு கேளுங்களேன். கேக்கலைன்னாலும் சொல்லுவேன், உங்களுக்குத்தான் என் வாய் தெரியுமே. முதல்ல பாத்திரம் தேய்க்கிற சோப்பால கழுவினேன். கழுவக் கழுவ அழுக்குத் தண்ணி வருது, டீ மாதிரி. இத்தனை காலமா மேலாப்புல ஒரு துடைப்பு துடைச்சே ஒப்பேத்தியிருக்கீங்க! சரி சரி, முறைக்காதீங்க. அண்ணனும் ஒண்ணும் துடைச்சுக் கிழிக்கல.

அப்புறம் ஓரத்துப் பட்டை. உரிஞ்சு தொங்கிகிட்டு இருந்துச்சே, அதைக் கத்தியால வெட்டி எறியப் பாத்தேன். பெயிண்ட் கடைக்காரர்தான், வேணாம்மா, மேல ஒரு துணியப் போட்டு இஸ்திரிப் பெட்டியால அழுத்துங்க, பழைய பசை இளகி திரும்ப ஒட்டிக்கும்னாரு. கைக்குக் கிடைச்சது இவரு சட்டை. போட்டு அழுத்தினேன். பட்டை ஒட்டிகிச்சு. சட்டையும் ஒட்டிகிச்சு. வேற புருஷனா இருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பாரு. இவரு ஒரு வார்த்தை பேசல, சட்டைய உரிச்சு எடுத்தாரு, மாட்டிகிட்டுக் கிளம்பிட்டாரு. கல்லுளிமங்கன். இப்பவும் பாருங்க, இவ்வளவு கூத்து நடக்குது, காதுல பஞ்சை வச்சுகிட்டு பேப்பர் படிக்கிறாரு.

அந்தப் பட்டை எப்படி உரிஞ்சுதுன்னு தெரியுமா? பழசானதாலயா? அதெல்லாம் சும்மா. உரிச்சது நீங்கதான். உங்க அருமை மகன், அதான் என் மருமகப்பிள்ளை, ஃபோன் பண்ணும்போதெல்லாம் அந்த மூலையில உக்காந்து நகத்தால நோண்டிகிட்டே பேசுவீங்க. வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடும்மான்னு அவன் ஆரம்பிச்சான் பாருங்க, அதுலேருந்துதான் ஒரு பக்கம் முழுசா போச்சு. எதிர்ல உக்காந்து பாத்துகிட்டுதானே இருந்தேன்? வாய் சரிப்பா சரிப்பாங்குது, கை உரிச்சு உரிச்சு எடுக்குது.

பையன் பாசமாத்தான் கூப்பிடுறான், இல்லைங்கல. ஆனா பதினோராவது மாடி அண்ணி. லிஃப்ட்ல ஏறினா உங்களுக்குத் தலை சுத்துது. ஒரு வாரம் இருந்துட்டு வந்து என்ன சொன்னீங்க? ஜன்னலத் திறந்தா பேச ஒரு ஆள் இல்ல, மேகம்தான் இருக்குன்னீங்க. நான் ஒண்ணும் சொல்லல. உங்க வீடு, உங்க பிள்ளை, உங்க இஷ்டம். நான் பெயிண்ட் கதைய சொல்றேன்.

பெயிண்டுக்குக் காசு செலவே இல்ல. தையல்காரர் கடை ஷட்டருக்கு அடிச்ச நீலம் அரை டப்பா மிச்சம் இருந்துச்சு, கேட்டேன், கொடுத்துட்டாரு. நானும் ஆசை ஆசையா அப்படியே எடுத்துப் பூசிட்டேன். காலையில வந்து ஒரு தட்டை வச்சு எடுக்குறேன், தட்டோட சேர்ந்து பெயிண்டும் வருது, சோப்பு உறை மாதிரி மொத்தமா. கடைக்காரர்கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. மைக்கா வழவழன்னு இருக்குமேம்மா, அதுல எது பிடிக்கும், முதல்ல உப்புத்தாள் போட்டு அந்தப் பளபளப்பை எடுங்க, அப்புறம் ப்ரைமர், அப்புறம்தான் பெயிண்ட்டு, அதுவும் மெல்லிசா, ஒண்ணு காஞ்ச பிறகு இன்னொண்ணுன்னாரு. எனக்குப் பொறுமை எங்க இருக்கு? ஆனா செஞ்சேன். மேல உங்க காலடிச் சத்தத்தைக் கேட்டுகிட்டே ஒவ்வொரு பூச்சா பூசினேன்.

என்ன மேலயே பாக்குறீங்க? ஓ, வீடு பாக்க ஆள் வந்திருக்காங்களா? எனக்கெங்க தெரியும்? படியில ரெண்டு ஜோடி புதுச் செருப்பு, பக்கத்துல தரகரோட வார் அறுந்த செருப்பு, நான் இதையெல்லாம் கவனிக்கிற ஆளா?

கீழ ஏதாவது பட்டறை நடக்குதான்னு கேட்டாங்களா? அய்யோ பாவம். போன தடவை வந்த டீச்சரம்மாவும் அதையேதான் கேட்டாங்களாம், தரகர் சொன்னாரு. அதுக்கு முன்னாடி கைக்குழந்தையோட வந்தவங்க பால்கனியக்கூடப் பாக்காம ஓடினாங்களாம், குழந்தை அப்படி வீறிட்டு அழுதுச்சாம். என்ன பண்றது, நான் தேய்க்கிற நேரமும் அவங்க வர்ற நேரமும் ஒண்ணா அமைஞ்சுபோகுது.

தரகர் இன்னொண்ணும் சொன்னாரு. சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. அந்த டீச்சரம்மா, சத்தம் போனா போகுது, வீடு பிடிச்சிருக்குன்னு விலை பேச உக்காந்தாங்களாமே? நீங்களே எழுந்துபோய், குளியலறைச் சுவத்துல ஓதம் இருக்கு, மழைன்னா சொட்டும்னு கூட்டிட்டுப்போய்க் காட்டினீங்களாமே?

உண்மையத்தான் சொன்னீங்களா? யாரு காதுல பூ சுத்துறீங்க? அந்த ஓதத்தை அண்ணன் இருக்கும்போதே கொத்தனாரை விட்டு சரி பண்ணியாச்சு. கொத்தனாருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தது நான்.

சிரிக்கிறீங்களா? இல்லையா? இருமலா? சரி, இருமல்னே வச்சுக்குவோம்.

அய்யோ அண்ணி, போர்வைய எடுக்காதீங்க! ஈரம், கையில ஒட்டிக்கும். ஒட்டிக்கும்னு சொல்றேன்ல...

ஒட்டலையா? ம். ஒட்டாது. ஈரப் பெயிண்ட் மேல எவளாவது போர்வை போத்துவாளா? அது காஞ்சு எவ்வளவோ நாளாச்சு. எப்படி இருக்கு? நம்ம மேஜைதானான்னு இருக்குல்ல? நடுவுல கைய வச்சுத் தடவிப் பாருங்க, ஒரு வட்டம் தட்டுப்படும். அண்ணன் அடுப்புலேருந்து சுடச்சுட பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்து வெறும் மேஜையில வச்சாரே, அதுதான். பட்டி மாவு வச்சு அந்தப் பள்ளத்தை நிரவியிருக்கலாம். மனசு வரல.

அப்போ இத்தனை நாளா எதைத் தேய்ச்சேனா? அட, மைக்காவுக்கு மெஷின் எதுக்கு அண்ணி? கையால லேசா நாலு இழுப்பு இழுத்தா போதும். மெஷினை வச்சு அமுக்கினா மைக்கா போய் உள்ள இருக்கிற மரத்தூள் வெளியே வந்துடும். பக்கத்து ரூம்ல தூங்குறவங்களுக்குக்கூட கேக்காத வேலை அது. இந்த மெஷின் மரவேலைக்காரர்கிட்ட இரவல் வாங்கினது, மேஜை மேல ஒரு நாளும் படல. ஒரு பழைய எண்ணெய் டின்னு, அது மேல ஒரு பலகை, அதைத்தான் தேய்ச்சேன். நீங்க இறங்குற சத்தம் கேட்டதும் டின்னை மூலையில தள்ளிட்டேன். எந்த இடத்துல வச்சா உங்க ஹால்ல நல்லா கேக்கும்னு ஒவ்வொரு மூலையா வச்சுப் பாத்தேன். தரகர் செருப்பு படியில தெரிஞ்சா சுவிட்சைப் போடுவேன்.

திட்டுங்க. இந்தத் தடவை நியாயமாவே திட்டலாம்.

போகாதீங்கன்னு வாயால சொல்லியிருக்கலாம்தான். பேசுறதே இல்லையே, எப்படிச் சொல்றது? இறங்கி வந்து சண்டையாவது போடுவீங்கன்னு பாத்தா, நீங்க ரொம்ப அழுத்தக்காரி, இன்னைக்குத்தான் இறங்கினீங்க. நீங்க மேல நடக்கிற சத்தம் கேக்காம என்னால இந்த வீட்ல இருக்க முடியாது அண்ணி. அழுகையா வரும். அவ்வளவுதான் விஷயம். மேஜை உங்களுது. மேல கொண்டுபோகணும்னா இவரைத் தூக்கச் சொல்றேன். இங்கயே கிடக்கட்டும்னா, நீங்க இறங்கி வந்து சாப்பிடுங்க.

மேலேருந்து தரகர் கூப்பிடுறாரு பாருங்க. வந்தவங்களுக்கு ஹால் ரொம்பப் பிடிச்சிருக்காம், நீங்க வந்தா பேசி முடிச்சுடலாமாம். போங்க, போய் என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் இனிமே சத்தம் போடமாட்டேன், சத்தியமா.

எங்க போறீங்க? படி அந்தப் பக்கம் இருக்கு. அண்ணி, அது சுவிட்சு.

இருங்க, இருங்க! வெறுந்தரையில ஓட்டினா கொசு கத்துற மாதிரிதான் கேக்கும். முதல்ல அந்த டின்னை இழுத்துக் கீழ வைங்க.