வாயை மட்டும் அசைத்தால் போதும்

முப்பத்தொரு வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் இதைத் தமிழில் எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், திரு. முகம்மது கனி. காரணம் சாதாரணமானது. ஆங்கிலத்தில் எழுதினால் நான் நன்றாக எழுதிவிடுவேன். படிக்கிறவர் என் பக்கம் சாய்ந்துவிடுவார். தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சுங்கை பாக்காப் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததோடு சரி.

சென்ற அக்டோபரில் உங்கள் விசாரணைக் குழு என்னிடம் மலாய் மொழியில் நான்கு பக்க அறிக்கை வாங்கிக்கொண்டது. ஆசிரியர் அந்தோணிராஜிடம் கவனக்குறைவு ஏதுமில்லை என்று கோப்பை மூடினீர்கள். வாசல்வரை வந்து கைகொடுத்து, "மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க சார், யாரு மேலயும் தப்பில்ல" என்றீர்கள். நல்ல மனிதர் நீங்கள். முடிவும் சரியானதுதான். கவனக்குறைவு என்னிடம் இருந்ததில்லை.

கோரல் ஸ்பீக்கிங் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது பிள்ளைகள் மூன்று வரிசையாக மேடையில் நின்று ஒரே குரலில் ஆங்கிலத்தில் ஒப்பிக்க வேண்டும், கையசைத்து, முகபாவம் காட்டி, எட்டு நிமிடத்துக்குள். நடுவில் நின்றுபோனால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். மற்ற போட்டிகளில் ஒரு மாணவன்தான் முன்னால் நின்று வழிநடத்த வேண்டும். செபராங் ஜெயாவில் நடக்கும் இந்தப் போட்டியில் மட்டும் ஆசிரியரே நிற்கலாம். இருபத்திரண்டு முறை நின்றிருக்கிறேன். சபைக்கு முதுகு, பிள்ளைகளுக்கு முகம்.

இருபத்தொரு முறை தோற்றோம். ஒருமுறை நடுவராக வந்த அம்மையார் என் தோளைத் தட்டி, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வருவதே பெரிது என்றார். சிரித்து நன்றி சொன்னேன். அன்று கடற்பாலத்தைத் தாண்டி எங்கள் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளுக்காக ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்காக அல்ல. நவம்பரில் ஓய்வு பெற இருந்தவனுக்குக் கோப்பை எதற்கு?

அர்ச்சனா நான்காம் படிவம், பதினாறு வயது. என் ஆங்கில இலக்கிய வகுப்பில் எட்டே பேர். பள்ளி முடிந்தபின் அறிவியல் கூடத்தில் அமிலவாடைக்கு நடுவே நடத்துவேன். அவள் கடைசி பெஞ்சு. அதிகம் பேசமாட்டாள். ஆஸ்துமா இருந்ததால் நீளமான வாக்கியம் பேசினால் மூச்சு இளைக்கும். அதனால் எழுதுவாள். ஒரு கவிதையைக் கொடுத்தால் மற்றவர்கள் கவிஞர் என்ன சொல்ல வருகிறார் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். எனக்கு அந்தப் பிள்ளையை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போட்டிக்கான உரையை எழுதியவள் அவள்தான். தைப்பூசத்தன்று ஒரு குடும்பமே சின்னக் காரில் அடைந்துகொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்புகிறது. மடியில் பாற்குடம், பின்னால் அழும் குழந்தை, வழி சொல்லும் சித்தப்பா. நெரிசலில் கார் நகரவே இல்லை. கடைசியில் எல்லோரும் இறங்கி நடக்கிறார்கள். படித்துவிட்டு ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தேன். இந்த வருடம் கோப்பை நமக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"சார், நானும் டீம்ல நிக்கட்டுமா? நான் எழுதுனதுதானே" என்று கேட்டாள்.

மறுக்க மனம் வரவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சிழுக்கும் சத்தத்தை மைக் பிடித்துவிடும், ஒரு விசில் மாதிரி. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதற்கு ஒரு பழைய வழி உண்டு. குரல் ஒத்துவராத பிள்ளையை மூன்றாம் வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிடுவோம். எல்லாப் பள்ளியிலும் ஒன்றிரண்டு பேர் அப்படி நிற்பார்கள். யாருக்கும் தெரியாது, யாரும் மனம் நோகமாட்டார்கள்.

"நில்லும்மா. வாய மட்டும் அசைச்சாப் போதும். சத்தம் மட்டும் வரவே கூடாது, சரியா?" என்றேன்.

"ஓகே சார்" என்றாள். அவள் எழுதிய வரிகளை இருபத்தொன்பது பேர் பேச, அவள் பேசாமல் நிற்க ஒப்புக்கொண்டாள். முகம் வாடவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

முதல் வாரம் தன்னை மறந்து இரண்டு மூன்று முறை குரல் விட்டுவிட்டாள். அவள் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்துக் கேட்பேன். "இன்னொரு தடவ சத்தம் கேட்டா வெளிய உக்காரணும், பாத்துக்க" என்றேன். அதன்பிறகு ஆறு வாரத்தில் ஒருமுறைகூட அவளிடமிருந்து சின்னச் சத்தம் வரவில்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளை.

போட்டியன்று காலை புகைமூட்டம். பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு கரையும் தெரியவில்லை. பஸ்ஸிலேயே அவளுக்கு இளைத்தது. இது என் அறிக்கையில் இல்லை. மண்டபத்தின் பின்னறையில் ஏ.சி. குளிர் வேறு. எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது என்னிடம் வந்தாள்.

"சார், பம்ப கையில வெச்சுக்கட்டுமா?"

அந்த நீலநிற இன்ஹேலரைத்தான் சொன்னாள். உடைகளில் பை வேண்டாம் என்று தையற்காரரிடம் சொன்னவன் நான். பை புடைத்தால் அழகாக இருக்காது.

"ரெண்டு கையும் ஆக்‌ஷனுக்கு வேணும்லா. எட்டு நிமிஷந்தானே? பேக்ல வெச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தாள். இதையும் உங்களிடம் சொல்லவில்லை. பங்குக் கோயிலில் ஃபாதர் கிளிஃபர்டிடம் சொன்னேன். வாயை மட்டும் அசைக்கச் சொன்னதையும் இன்ஹேலரையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதேன். தெரியாமல் செய்தது, கடவுள் மன்னிப்பார் என்றார். தெரிந்து செய்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அன்று பிள்ளைகள் பேசியதைப் போல யாரும் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே மண்டபம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. சித்தப்பா தப்பான வழி காட்டியபோது நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு முதுகுப்பக்கம் அலையலையாகச் சிரிப்பு. தோட்டத்துப் பையனாக இருந்தபோது என் ஆங்கிலத்தைக் கேட்டும் ஒரு வகுப்பே சிரித்தது. இது வேறு சிரிப்பு. அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

அப்போது நெரிசல் காட்சி வந்தது. எல்லாக் கார்களும் ஹார்ன் அடிக்கும். முப்பது வாயும் ஒன்றாகக் குவிந்து 'பூம், பூம்' என்க வேண்டும். இருபத்தொன்பது வாய் குவிந்தது. மூன்றாம் வரிசையில் இடப்பக்கமிருந்து நான்காவது வாய் குவியவில்லை.

வீடியோவை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு பெற்றோர் பின்வரிசையிலிருந்து கைப்பேசியில் எடுத்தது. அதில் என் முதுகுதான் தெரியும். அவளும் மற்றவர்களைப் போல வாயசைப்பதாகத்தான் தெரியும். வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்ததால் ஆசிரியருக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை என்று எழுதினீர்கள். நீங்கள் இலக்கியம் நடத்தியவரல்ல, அதனால் அப்படி எழுதினீர்கள். அந்த உரையின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். அவளுக்கும் மனப்பாடம், எழுதியவள் அவள். அந்த இடத்தில் அவள் வேறொரு சொல்லைச் சொன்னாள்.

'சார்' என்றாள். இரண்டு முறை. முப்பத்தொரு வருடம் அப்படிக் கூப்பிடப்பட்டவனுக்கு அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளக் காது தேவையில்லை.

பக்கத்தில் நின்ற ஹேமா திரும்பினாள். நான் அவளைப் பார்த்து முறைத்தேன். ஹேமா நேராகிவிட்டாள்.

அப்போது மிச்சம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. வீடியோவைப் போட்டு எண்ணியிருக்கிறேன். என் வலக்கை மேலே இருந்தது. விரல்களை மடக்கினால் எல்லோரும் நின்றுவிடுவார்கள், அப்படித்தான் பழக்கியிருந்தேன். மடக்கவில்லை. கொஞ்ச நேரந்தானே, அவளுக்குப் பழகிய இளைப்புதானே, அவளே விரும்பிய கோப்பைதானே என்று நினைத்தேன். இதையெல்லாம் நிதானமாக நினைத்தேன். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி அவர்களைக் கடைசிக் காட்சிக்குக் கொண்டுபோனேன். அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கைகள் மட்டும் தாளம் தப்பாமல் அசைந்தன.

எல்லோரும் குனிந்து வணங்கி நிமிர்ந்தபோது அவள் நிமிரவில்லை. கைதட்டல் அடங்க நேரமானதால் அவள் விழுந்தது சபைக்கு உடனே தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் பரிசு எங்களுக்கு.

மறுவாரம் ஹேமா என்னிடம் வந்தாள். "சார், அவ ஒரு மாதிரியா இருந்தா. நான் திரும்புனேன், நீங்க மொறைச்சீங்க லா."

"லைன் கலையக்கூடாதுன்னு பாத்தேன்மா. நீயும் எதயும் பாக்கல, நானும் பாக்கல. அப்படியே எழுதிக் குடு" என்றேன். உங்களிடம் இருக்கும் அவள் வாக்குமூலத்தில் அந்த வாக்கியம்தான் இருக்கிறது. இலக்கிய வகுப்பை அவள் விட்டுவிட்டாள். தான் திரும்பியபடியே நின்றிருந்தால் அர்ச்சனா பிழைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பதாகத் தோழிகள் சொன்னார்கள். அந்தப் பாரத்தை அவள் தலையிலிருந்து இறக்கத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வருடம் தாமதமாக.

அர்ச்சனாவின் அம்மா ஜெகதீஸ்வரி பிள்ளையின் பொருட்களை வாங்கப் பள்ளிக்கு வந்தார். ஓட்டலில் துணி வெளுக்கும் வேலை, கை முழுக்கச் சோப்புத் தழும்பு. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு உங்க கிளாஸுன்னா உசுரு சார். யாரும் சேத்துக்காத புள்ளய மேடையில நிக்க வெச்சீங்களே, அது போதும்." பிறகு மெதுவாகக் கேட்டார். "கடைசியா ஏதாச்சும் சொன்னாளா சார்?"

"அவ எழுதுனதத்தான்மா சொல்லிட்டிருந்தா" என்றேன்.

அந்தப் பதிலால் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். போகும்போது உரை எழுதிய நோட்டை என்னிடமே கொடுத்தார், நான்தான் பத்திரமாக வைத்திருப்பேன் என்று. இப்போது அதன்மேல் தாள் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டலாமா கூடாதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் பார்த்தேன். தெரிந்தே நிறுத்தவில்லை. இதற்குமேல் ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றுதான் இன்னும் மனதை அறுக்கிறது, திரு. முகம்மது கனி. பத்தடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை ஒரே ஒரு முறை சத்தமாகக் கூப்பிட்டிருந்தால், நான் கட்டாயம் நிறுத்தியிருப்பேன்.