‘நில்’ என்று சொல்லும் உரிமை

எங்கள் சங்கத்தில் கேக் வெட்டுவதற்கு விதி கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. புதன்கிழமைப் பயிற்சி முடிந்ததும் யாராவது ஒரு எலுமிச்சை கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அவ்வளவுதான், ஆளுக்கொரு கத்தியோடு பாய்வார்கள். ஒருவனுக்குப் பாதி கேக், இன்னொருவனுக்கு வெறும் தூள். விதி இல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை.

இன்ஸ்பெக்டர், நீங்கள் தேநீர் கொடுத்து நிதானமாகக் கேட்கிறீர்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன். எங்கள் செயலாளர் மெரியல் உங்களிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். அழுகிறவர்கள் முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்வார்கள். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு மாணவனாக வந்தேன். இப்போது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே தேவாலயக் கோபுரத்தில் மணியடிப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக நான்தான் மாஸ்டர், அதாவது தலைவர். கடிதப் போக்குவரத்து செயலாளருடையது. கயிறும் மணியும் கோபுரக் காப்பாளருடைய பொறுப்பு. யார் எந்த மணியை அடிப்பது என்பதை முடிவு செய்வது மாஸ்டர் ஒருவர்தான். அது பதினான்காம் விதி. மொத்தம் முப்பத்தொரு விதிகள், அதில் பன்னிரண்டு நான் எழுதியவை. மாணவர்கள் மூன்று வருடம் இருப்பார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு லண்டனுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். யாராவது ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டாமா?

ஹ்யூகோ பென்ரித் இரண்டாம் வருட மாணவன். கெட்டிக்காரன், மறுக்கவில்லை. மாஸ்டர் பதவியில் யாரும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அவன் ஒரு தீர்மானம் கொடுத்தான். மார்ச் ஏழாம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வர வேண்டும். பயிற்சிக்குப் பிறகு பியர் குடிக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும் அவன் சொன்னான்: “மாஸ்டர், உங்களை எடுத்துட்டா கோபுரம் ஒண்ணும் சாஞ்சிடாது.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு வலித்தது, அதை மறைக்கவில்லை. அந்தக் கோபுரத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் இல்லை.

அவன் பக்கம் பதினாறு பேர் இருந்தார்கள், என் பக்கம் ஏழு. எண்ணிப் பார்த்த பிறகு விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஒன்பதாம் விதி: தீர்மானம் கொண்டுவந்தவர் கூட்டத்துக்கு நேரில் வந்து பேச வேண்டும். வராவிட்டால் தீர்மானம் விழுந்துவிடும். இதை நான் எழுதவில்லை. எனக்கு எழுபது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதியது.

அதே நாள் மதியம் ஒரு பீலுக்கு ஏற்பாடு செய்தேன். ஏழு மணிகளை எத்தனை விதமாக வரிசை மாற்றி அடிக்கலாமோ அத்தனையையும், ஐயாயிரத்து நாற்பது வரிசைகளையும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும்படி அடித்து முடிப்பதுதான் பீல். எட்டாவதான பெரிய மணி ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் விழும். மூன்று மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. ஒரு வரிசை இரண்டு முறை வந்துவிட்டாலும் மொத்தமும் பொய். எங்கே வரிசையைத் திருப்புவது என்று அவ்வப்போது கட்டளை சொல்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் ‘நில்’ என்று சொன்னால் மட்டுமே நிறுத்தலாம். அது பதினேழாம் விதி. அன்று கட்டளை சொன்னது நான்.

பெரிய மணி ஒரு டன் எடை. அதை ஹ்யூகோவுக்குக் கொடுத்தேன்.

அவன் அதுவரை சின்ன மணிகளைத்தான் அடித்திருந்தான். சங்கத்தில் சேரும்போது ஒவ்வொருவரும் உடல்நிலைப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுப்பார்கள், அது மாஸ்டரைத் தவிர யார் கைக்கும் போகாது. அவனுடைய படிவத்தில் இருந்தது நினைவிருக்கிறது. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, நீண்ட நேரம் பாரம் இழுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நண்பர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று கீழே எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். அந்த ரகசியத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோபுர அறையில் பட்டியலைப் படித்துக் காட்டினேன். மெரியல்தான், “அவன் எட்டாவது அடிச்சதே இல்லையே” என்றாள். பெரிய மணியில் ஒரு பீல் அடிக்காமல் எங்கள் சங்கத்தில் யாரும் மாஸ்டர் ஆனதில்லை. அது விதியல்ல, வழக்கம். அதைத்தான் நினைவுபடுத்தினேன்.

“என் நாற்காலிக்கு ஆசைப்படுறவன் என் கயிறை ஒரு தடவையாச்சும் புடிச்சுப் பாக்க வேண்டாமா?”

பையன்கள் ஓவென்று கத்தி மேசையைத் தட்டினார்கள். ஹ்யூகோவின் காது சிவந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “உங்களுக்குத் தெரியும்ல, மாஸ்டர்?” என்றான்.

“என்ன தெரியும்?” என்றேன்.

அவன் ஸ்வெட்டரைக் கழற்றி பெஞ்சில் போட்டுவிட்டு எட்டாவது கயிற்றுக்குப் போய் நின்றான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் கையை யாரும் கயிற்றோடு கட்டிப்போடவில்லை.

ஒன்று இருபத்தைந்துக்குத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் அவன் அழகாகவே அடித்தான், என்னைவிட நன்றாக அடித்தான் என்றுகூடச் சொல்வேன். இரண்டே முக்காலுக்கு சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மூன்று மணிக்கு முகத்தில் நிறம் இல்லை. மூன்றரைக்கு அவன் வாயைத் திறந்தான்.

“மாஸ்டர், ‘நில்’னு சொல்லுங்க. தயவுசெஞ்சு.”

நான் அடுத்த கட்டளையைச் சொன்னேன். வரிசை திரும்பியது. மெரியலுக்கு ஆறாவது மணி, அவனுக்கு நேர் எதிரில் நின்றாள். “அவன பாருங்க, டன்கன்,” என்றாள்.

“நீ உன் கயிறைப் பாரு,” என்றேன்.

பார்த்தாள். ஏழு பேரும் அவரவர் கயிற்றைத்தான் பார்த்தார்கள். இப்போது அழுகிறாளே, அப்போது கயிற்றை விடவில்லை. யாருமே விடவில்லை, ஹ்யூகோவும் விடவில்லை. எந்த விதிகளைக் கிழித்துப் போட வேண்டும் என்று ஊரெல்லாம் பேசினானோ, அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டு, நான் சொல்லட்டும் என்று இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இழுத்தான். அந்த நேரத்தில் அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது. பொய் சொல்லவில்லை.

நான்கு இருபத்தைந்துக்கு மணிகள் முதல் வரிசைக்கே திரும்பி வந்தன. ‘நில்’ என்றேன். அவன் மணியைச் சரியாக நிறுத்தி, கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினான், பெஞ்சில் உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான். அறுபத்திரண்டு படி, ஆள் ஒருவர் இறங்கக்கூடிய அகலம். ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைக் கீழே கொண்டுபோக வெகுநேரமானது. மெரியல் கூடவே போனாள்.

கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. பத்துப் பேர் இருந்தால் போதும், பதினொரு பேர் இருந்தோம். தீர்மானம் கொண்டுவந்தவர் வராததால் தீர்மானம் விழுந்தது. போட்டியில்லாமல் என்னை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். ‘இதர விஷயங்கள்’ வரும்போது மெரியலிடமிருந்து அழைப்பு வந்தது. ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அதையும் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொன்னேன்.

நான் இரக்கமில்லாதவன் என்று அவள் சொல்லியிருப்பாள். சரியாகப் போய்க்கொண்டிருக்கிற பீலை எந்த மாஸ்டரும் நிறுத்தமாட்டான். இந்த நாட்டில் எந்தக் கோபுரத்தில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். இறந்தவனின் பெயரோடு அந்தப் பீலுக்குச் சுவரில் பலகை வைக்க வேண்டும் என்று அவனுடைய அம்மாவே கேட்டிருக்கிறார். மரப்பலகை தயாராகிவிட்டது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டப் போகிறார்கள்.

அதற்காகத்தான் நானாகவே வந்தேன். மெரியலுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

மூன்று மணிக்கு ஒரு கட்டளை சொல்லியிருக்க வேண்டும். ஹ்யூகோவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை விட்டுவிட்டேன். அடுத்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அவரவர் மணி போகும் வழிதான் தெரியும், மொத்தமும் கட்டளை சொல்கிறவன் தலையில்தான் இருக்கும். அதற்குப் பிறகு வந்த வரிசைகளில் பல முன்பே வந்தவை. கடைசியில் இரண்டு கட்டளைகளைக் கூட்டிக் குறைத்து முதல் வரிசைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அந்தப் பீல் பொய். அவன் என்னை ‘நில்’ சொல்லச் சொல்லிக் கேட்டபோது அது பொய்யாகி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். மூன்றரைக்கு நிறுத்தியிருந்தால் அவன் கொஞ்சம் உட்கார்ந்திருப்பான், ஒரு கோப்பை தேநீர் குடித்திருப்பான், ஐந்து மணிக்குக் கூட்டத்துக்கு வந்திருப்பான்.

பொய்யான பீலுக்குப் பலகை வைக்க எங்கள் இருபத்திரண்டாம் விதி இடம் கொடுக்காது. தயவுசெய்து அதை மாட்ட விடாதீர்கள். ஒன்பது வருடத்தில் ஒரு விதியையும் நான் மீறியதில்லை.