ஒரு முழு நிமிடம் எண்ணும் விரல்களுக்கு

அன்பிற்கும் அச்சத்திற்கும் ஒருசேர உரிய ஆக்னஸ் அம்மையீர்! முப்பத்தாறு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் பிணி தீர்த்தும், பிணி தீர்ப்போரைப் பெற்ற பிள்ளைகளாய் வளர்த்தும், ஹப்சிகுடாவில் நம் செவிலியர் கல்லூரியின் தூணாய் நின்ற துணை முதல்வர் அவர்களே!

தங்கள் பணிநிறைவு விழாவான இன்று, தெலுங்கில் ஒரு மடலும் ஆங்கிலத்தில் ஒரு மடலும் வாசித்தாயிற்று. தங்கள் பட்டங்களும் பதவிகளும் அவற்றில் குறைவின்றி வந்துவிட்டன. வராத ஒன்றைத் தமிழ் தெரிந்த நாங்கள் நால்வரும் சொல்ல வந்திருக்கிறோம்.

இரண்டாயிரத்து ஆறில் புதிய பாடத்திட்டம் வந்தபோது நம் பாடு பெரும்பாடு. நோயாளியைத் தொடுமுன் எல்லாவற்றையும் மாணவிகள் செய்முறைக் கூடத்துப் பொம்மையிடம் பழக வேண்டும் என்றது அது. அறுபது மாணவிகள், ஒரே ரப்பர் பொம்மை, ஆசிரியர்களோ ஐந்தே பேர். ஆள் கேட்டோம், ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த மாதாப்பூரில் எல்லாம் கம்ப்யூட்டர்தானே செய்கிறது என்று மேலிடம் கம்ப்யூட்டர் ஒன்றை அனுப்பியது. அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவும் ஆளில்லை.

தாங்கள் அந்தப் பொம்மைக்கு 'கட்டில் எண் ஏழு' என்று சீட்டு ஒட்டி, கால்மாட்டில் சார்ட் ஒன்றைத் தொங்கவிட்டீர்கள். தினமும் காலையில் ஓர் ஆசிரியர் அதன் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணி, 'நாடி இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

எங்களுள் இளையவளான ரோஸ்லினுக்கு இது பொறுக்கவில்லை. சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; 'எதுக்கு' என்பதை அவ்வூர் உருதுவில் 'கைக்கு' என்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

"பொம்மைக்கு நாடி எண்ணுறது கைக்கு மேடம்? சிலபஸ்லயே இல்லையே."

"நானும் சின்ன வயசுல எண்ணாமதான் எழுபத்திரெண்டுன்னு எழுதினேன், ரோஸ்லின். ஏழாம் கட்டில். அந்தம்மா செத்து ஒரு மணி நேரம் ஆயிருந்துச்சு" என்றீர்கள்.

மறுநாள் முதல் ரோஸ்லினும் விரல் வைத்து முழு நிமிடம் எண்ணினாள்.

இரண்டாயிரத்து எட்டு ஜூலையில் ஒரு புதன்கிழமை. முறை ரோஸ்லினுடையது. குஷாய்குடா பஸ்ஸில் நசுங்கி வந்த எரிச்சலோடு விரலை வைத்தாள். பத்தாவது விநாடியில் விரலுக்கடியில் ஏதோ தட்டியது. தன் நாடியாக இருக்கும் என்று மறு கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அது வேறு கதியில் ஓடியது. எண்ணி முடித்தபோது நூற்றிருபத்து நான்கு, மெலிந்து, நூல்போல. 'இல்லை' என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் எண்ணியதையே எழுதினாள்.

பைத்தியமா என்று தாங்கள் கேட்கவில்லை. தாங்களும் ஒரு நிமிடம் விரல் வைத்தீர்கள். பிறகு, "வார்டுக்குப் போவோம், வா" என்றீர்கள்.

நம் மருத்துவமனை வார்டில் அறுபது மாணவிகளும் கட்டில் கட்டிலாக எண்ணினார்கள். முந்தின நாள் அறுவை முடிந்த வேதவல்லி அம்மாள் பதினோராம் கட்டிலில் தூங்குவதுபோல் கிடந்தார். சார்ட்டில் எழுபத்திரண்டு. ரோஸ்லின் எண்ணியபோது நூற்றிருபத்து நான்கு. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் பிழைத்தார், இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

பொம்மையைப் பற்றி நாம் பிறகு பேசியதே இல்லை. நான்காண்டுகளாக 'நாடி இல்லை' என்றே எழுதி வருகிறோம், ஒவ்வொரு நாளும் முழு நிமிடம் எண்ணிய பிறகே.

கடைசி நாள் என்று இன்றைய முறையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். பத்து மணிக்கு ரோஸ்லின் சார்ட்டைப் பார்த்தாள். தங்கள் முத்தான கையெழுத்தில், 'நாற்பது. விட்டுவிட்டு' என்றிருந்தது.

தாங்கள் காலையிலேயே வார்டு முழுவதும் எண்ணிவிட்டதாக வார்டுப் பொறுப்பிலிருக்கும் ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார். நாங்களும் மறுபடி எண்ணினோம். நோயாளிகள் நலம். மாணவிகள், சமையல்காரர், வாயிற்காவலர் என ஒருவரையும் விடவில்லை, அனைவரும் நலம். எண்ணாமல் விட்டது ஒரு கையைத்தான். ஆகவே இம்மடலின் முடிவை அரை மணி முன்புதான் மாற்றி எழுதினோம்.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பது மரபு. எண்ணாமல் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பொன்னாடையைச் சற்றே ஒதுக்கிக் கையை நீட்டுங்கள், அம்மா. ரோஸ்லின் மேடைக்கு வருகிறாள். ஒரு முழு நிமிடம் அரங்கம் அமைதியாக இருக்கட்டும்.

என்றும் தங்கள்,
ரோஸ்லின், ஜலஜா, சுபாஸ்ரீ, வள்ளியம்மாள்
ஹப்சிகுடா, 30.6.2012