ரோஸ் பட்டை

— ஜெர்சி கிடையாது. போய் வெந்நீர் குடி.

— அண்ணே, விளையாடாதீங்க. சாயங்காலம் ஃபைனல்.

— நான் எங்கப்பா விளையாடறேன்? விளையாடறது நீங்க, வேர்வைச் சட்டை துவைக்கிறது நான். காலையில உன் வீட்டுக்காரி போன் பண்ணுச்சு. "அவருக்குச் சட்டையை எடுத்துக் குடுத்தீங்க, அப்புறம் உங்களை அண்ணன்னே கூப்பிட மாட்டேன்"னுச்சு. எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி.

— டாக்டர் சொன்னதையும் சொல்லிட்டாளா?

— எல்லாத்தையும். இன்னொரு மேட்ச் கத்தினா குரல் திரும்பாதாமே?

— கத்தாம ஆடறேன்.

— நீயா! சத்தியமா சொல்றேன், நீ கேப்டன் ஆன முதல் மேட்ச்ல "ஏறுடா"ன்னு ஒரு கத்து கத்தினே பாரு, கேலரிக் கூரைத் தகரம் பிச்சுக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுல விழுந்துச்சு. கண்டக்டர் விசில் அடிச்சுட்டார்னு நெனச்சு ரெண்டு பஸ் கிளம்பியே போயிடுச்சு.

— தகரம் காத்துல பறந்தது.

— காத்து எங்கேருந்து வந்துச்சாம்? உன் வாயிலேருந்து! சும்மாவா சங்குன்னு பேர் வெச்சோம்? ஒண்ணுமில்லாம கிடந்த ஃபுட்பால் கிளப்பு இது. பந்துக்குக் காத்தடிக்கிற பம்பைக்கூட கடன் வாங்குவோம். நீ கத்திக் கத்தியே அஞ்சு கப்பைத் தூக்கிட்டு வந்தே.

— இஸ்திரிப் பெட்டி.

— பேச்சை மாத்தாதே.

— கருகுது அண்ணே.

— ஐயையோ! கோல்கீப்பர் சட்டை! போகட்டும், முதுகுலதானே. அவன் முதுகைக் காட்டினா நம்ம வலையில எப்படியும் கோல்தான்.

— என் சட்டையைக் குடுங்க.

— உனக்குப் பதிலா வேற யாராவது கத்தட்டுமே. ரைட் பேக் இருக்கான், நல்ல தொண்டை.

— பத்தாது.

— யாருக்குப் பத்தாது?

— கதவைச் சாத்துங்க.

— சாத்தியாச்சு. சொல்லு.

— அணிலுக்கு.

— நம்ம லெஃப்ட் பேக்குக்கா?

— அவனுக்கு வலது காது கேக்காது அண்ணே. நான் கேப்டன் ஆகறதுக்கு முன்னால அந்த மழை மேட்ச்ல காதோரமா பந்து பட்டுச்சே, அதுல போனது. கிளப்புக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதனாலதான் அவனுக்குக் கேக்கிற மாதிரி நான் கத்த ஆரம்பிச்சேன். என்ன, சட்டையையே பாக்கறீங்க?

— சட்டைக் கை மடங்கியிருக்கு. அதை நீவறேன். திமிர் பிடிச்ச கேப்டன், வாய்க்கொழுப்புன்னு பேப்பர்காரன் எழுதினப்பவும் இதுக்காகத்தான் சும்மா இருந்தியா?

— எழுதிட்டுப் போறான். நான் கத்தினதும் பின்வரிசைல நாங்க நாலு பேரும் ஒண்ணா முன்னே ஏறணும், அப்பத்தான் எதிராளி ஆஃப்சைடுல மாட்டுவான். அணில் மட்டும் பின்னால நின்னுட்டான்னா நேரா கோல்தான். ஊரே பாக்க அவன் தலை குனிஞ்சு நிக்கணும்.

— கை காட்டினா?

— அவன் பந்தைத்தான் பாப்பான், என்னைப் பாக்க மாட்டான். குரல் போனா போகட்டும் அண்ணே.

— போனா போகட்டுமா? அப்புறம் வீட்டுல சண்டை எப்படிப் போடுவே?

— வீட்டுல நான் என்னிக்குப் பேசினேன்?

— அதுவும் சரிதான். இந்தா சட்டை. தங்கச்சி என்னைத் திட்டினா நீதான் கேட்டுக்கணும். உக்காரு, கேப்டன் பட்டையை நானே கையில கட்டி விடறேன்.

— இந்தக் கண்றாவி ரோஸ் வேண்டாம். பழைய வெள்ளைப் பட்டை எங்கே? எதிர் டீம்காரன் எல்லாம் கல்யாண மாப்பிள்ளைன்னு கேலி பண்றான்.

— கையை நீட்டு. அது இல்லப்பா, இடது. நீ கத்தறப்ப இந்தக் கை தானா மேல போகுமே, தெரியுமா?

— பழக்கம்.

— அதை மட்டும் விடாதே. வாயை மூடிக்கோ.

— சொன்னேன்ல? அவனுக்கு என் சத்தம்தான்...

— கேக்காதுப்பா.

— என்னது?

— ரெண்டு வருஷமாச்சு. இன்னொரு காதும் போயிடுச்சு. நீ உக்காந்திருக்கிற இதே பெஞ்சுலதான் உக்காந்து அழுதான். "கேப்டன் அண்ணன் எனக்காகத்தான் கத்துறார், அது வீண்னு தெரிஞ்சா தாங்க மாட்டார், சொல்லிடாதீங்க"ன்னான்.

— பொய். உங்க தகரக் கதை மாதிரி இதுவும் ஒரு கதை. நான் கத்தற ஒவ்வொரு தடவையும் அவன் கரெக்டா ஏறி வர்றானே!

— வர்றான்ப்பா, வராம என்ன? இந்த ரோஸ் துணியை நானா எடுத்தேன்னு நெனச்சே? கடை முழுக்க அலசி, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு, அங்கேருந்து பாத்தாலும் கண்ணைப் பறிக்கிறது எதுன்னு தேடி எடுத்தது அணில்தான்.