சிக்கல் டீச்சரின் மூன்று விண்ணப்பங்கள்

மேடையில் வீற்றிருக்கும் இணை இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் கணவரே, மகளே, உள்ளே இடமில்லாமல் வராந்தாவில் நிற்கும் ஆசிரியப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த ஆசிரியர் பயிற்சி மையத்தின் தலைவர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நம்முடைய முதன்மைப் பயிற்றுநரைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதை நான் சொல்லி முடித்ததும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதன்மைப் பயிற்றுநர் என்பது பதவி. நீங்கள் வைத்த பெயர் சிக்கல் டீச்சர். பயிற்சிக்கு வந்ததும், வகுப்பில் பயன்படுத்த அரசு கொடுத்த டேப்லெட்டை நீங்கள் திறக்கப் போவீர்கள். “அது எங்கயும் ஓடிப் போகாது, மூடி வைங்க. உங்க பாடத்துல பிள்ளைங்க எங்க சிக்கிக்கிறாங்க? முதல்ல அதச் சொல்லுங்க” என்பார். அந்தச் சிக்கலுக்குக் கருவி எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் அதை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கற்றுக்கொடுத்தது.

ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர், திரையைத் தொடவே மாட்டேன் என்று அடம் பிடித்தார். டீச்சர் அவர் கையில் ஒரு பந்தையும் டார்ச் விளக்கையும் கொடுத்து, நிலா தேய்வதை நடத்தச் சொன்னார். அதைப் போனில் படம் பிடித்துப் பெரிய திரையில் மெதுவாக ஓட்டினார். இது நான் எப்போதும் நடத்துகிற பாடமாயிற்றே என்றார் அவர். “உங்க பாடம்தான் சார். திரை மட்டும்தான் சர்க்காரோடது” என்றார் டீச்சர். அந்த ஆசிரியர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

இன்னொரு நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாலை ஐந்து மணிக்கு வாசலில் இருக்கும் கருவியில் முகம் காட்டினால்தான் பயிற்சி முடித்ததாகப் பதிவாகும். அன்று நெட்வொர்க் போய்விட்டது. தொண்ணூறு பேர் உள்ளே. ஜன்னல்கள் திறக்காது. பதிவாகாமல் யாரையும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. அதை உங்களிடம் சொன்னவன் நான். ஒரு மணி நேரம் போயிற்று. மகள் பள்ளி வாசலில் தனியாக நிற்பாள் என்று ஒருவர் அழுதே விட்டார். டீச்சர் ஒரு தாளை எடுத்தார். தொண்ணூறு பேரின் பெயரையும் எழுதினார், கீழே கையெழுத்துப் போட்டார், கதவைத் திறந்துவிட்டார். “கிளம்புங்க. கேட்டா நான் சொல்லிக்கிறேன்.” அடுத்த வாரம் அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதில் இருந்தது என் கையெழுத்து.

தொண்ணூறு பேருக்குக் கதவைத் திறந்துவிட்டவருக்கு நாம் திறந்துவிட்டோமா?

ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அவரை, அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பிலிருந்து அழைத்து வந்தோம். பதினோரு வருடம் ஆயிற்று. மீண்டும் வகுப்புக்குப் போக மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்றிலும் நான் எழுதியது ஒன்றுதான்: இவர் இல்லாமல் பயிற்சி நடக்காது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். பாராட்டா அது? பூட்டு!

ஒருமுறை ஆய்வுக்காக நானும் டீச்சரும் ஒரு பள்ளிக்குப் போனோம். வகுப்பு ஆசிரியை போன் பேச வெளியே போனார். அவர் திரும்பி வந்தால், கடைசி பெஞ்சில் குறிப்பெடுக்க வேண்டிய நம் டீச்சர் கரும்பலகை முன்னால் நிற்கிறார். “பத்து நிமிஷம் குடுங்கம்மா, முடிச்சிடறேன்” என்று கெஞ்சினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மூன்றாவது விண்ணப்பத்தை நேரில் கொண்டு வந்தார். “சார், எல்லாருக்கும் வகுப்பைப் பத்திச் சொல்றேன், எனக்குன்னு ஒரு வகுப்பு இல்ல. நான் சொல்றது கொஞ்சம் கொஞ்சமா பொய்யாகிட்டு வருது” என்றார். புது டேப்லெட்டுகள் வருகின்றன, இந்த ஒரு வருடம் மட்டும் பொறுங்கள் என்றேன். மேலே எனக்கும் இலக்கு இருந்தது, என் கழுத்திலும் கயிறு இருந்தது. ஆனால் அவர் கயிற்றில் முடிச்சுப் போட்டது என் கைதான்.

போன மாதம் பயிற்சி நடத்திக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கப் போனேன். டீச்சரின் கணவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் குறிப்போடு திரும்பி வந்த விண்ணப்பத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தார். “உங்க ஆபீஸ் பேப்பர் சார். நீங்களே வெச்சுக்கங்க.”

நண்பர்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது சுலபம். தொடரப் போவது யார்? அவர் இடத்துக்கு ஒருவரை எடுக்கச் சொல்லி ஆணை வந்திருக்கிறது. அவரிடமே பயின்ற கணித ஆசிரியை ஒருவரை நேற்று அழைத்துக் கேட்டேன். “எத்தனை நாளைக்கு சார்?” என்று கேட்டார்.

அதற்குப் பதிலை இன்று இந்தச் சபையில் சொல்கிறேன். இரண்டு வருடம். அதற்கு மேல் ஒரு நாள் இல்லை. அந்தக் கணித ஆசிரியையின் வகுப்பு அவருக்காகக் காத்திருக்கும் என்று எழுத்தில் தருகிறேன். இணை இயக்குநர் அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நாள் வந்தும் நான் அவரை விடவில்லை என்றால், நீங்கள் அத்தனை பேரும் என் அறைக்கு வாருங்கள். அவர் கிளம்பும் வரை என்னை வெளியே விடாதீர்கள்.