அரிசி வாளிக்குள் துவக்குத் திறப்பு

பிக்கரிங் நிலையத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ரயில் நகரும் முன்பே மூத்தவர் சொன்னார்:

“லண்டனில என்ர தங்கச்சியாலதான் அவளின்ர மனுசன்ர துவக்குப் போச்சு.”

இளையவர் கோப்பிக் கோப்பையை மடியில் இறக்கினார். “துவக்கோ? ஆரிட்ட, உங்கட மச்சானிட்டையோ அக்கா?”

“ஓம். களிமண் தட்டைப் பறக்கவிட்டுத் துவக்கால சுடுற கிளப்பில அவர் மெம்பர். எல்லாம் லைசன்ஸோடதான். இரும்புப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டவேணும். அந்தப் பூட்டின்ர திறப்பு எங்க இருக்கெண்டு பெஞ்சாதிக்கும் தெரியக்கூடாதாம். அங்கத்தைச் சட்டம் அப்பிடி.”

“பிறகு?”

“லைசன்ஸ் புதுப்பிக்கிறதுக்குப் பொலிஸ்காரர் வீட்டை வந்தவர். திறப்பு எங்க எண்டு உமக்குத் தெரியுமோ எண்டு இவளைக் கேட்டிருக்கிறார்.”

“தெரியாதெண்டு சொல்லவேண்டியதுதானே!”

“இவளோ? ‘இந்த வீட்டில எனக்குத் தெரியாமல் ஒண்டும் இல்லை’ எண்டுபோட்டு, அரிசி வாளிக்குள்ள கையை விட்டு எடுத்துக் குடுத்திட்டாள். துடைச்சு வேற!”

இளையவர் சிரித்த சிரிப்பில் ரயில் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“ஐயோ, மச்சான் பாவம்!”

“லைசன்ஸையும் துவக்கையும் பொலிஸ் கொண்டுபோயிட்டாங்கள். மனுசன் அவளோட கதைக்கிறேல்லை.”

“அந்த இரும்புப் பெட்டி?”

“சும்மாதானே கிடக்குது எண்டு, தன்ர நகையெல்லாம் அதுக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டாள்.”

“திறப்பு?”

“எங்க வச்சிருக்கிறாளெண்டு மனுசனுக்குத் தெரியாது. இப்பதான் அந்த வீடு சட்டப்படி நடக்குது.”